வாடகை போக மிஞ்சும் சோறு

இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்றங்கரையில் ஸ்டாக்டன் என்றொரு தொழில் நகரம் இருக்கிறது. 1927-இல் அந்த நகராட்சி, ஹவுஸ்வைஃப் லேன் என்னும் நெரிசலான சேரிப்பகுதியை இடித்துவிட்டு, அங்கிருந்த 152 குடும்பங்களை மவுண்ட் ப்ளெசன்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு அனுப்பியது. மொத்தம் 710 பேர். புது வீடுகளில் காற்றும் வெளிச்சமும் இருந்தன, குளிக்க இடம் இருந்தது, சாமான் வைக்கத் தனி அறை இருந்தது. ரிவர்சைடு என்ற இன்னொரு சேரி அப்போதைக்கு இடிபடாமல் தப்பியது. நகரின் சுகாதார அதிகாரி மெகானிகல் ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டு இடங்களின் இறப்புக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். சேரியிலேயே விடப்பட்டவர்களிடம் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 26.10-இலிருந்து 22.78 ஆக இறங்கியிருந்தது. நல்ல வீட்டுக்குப் போனவர்களிடம் 22.91-இலிருந்து 33.55 ஆக ஏறியிருந்தது.

போனவர்கள் அதே மனிதர்கள். அவர்களுடைய பழக்கமும் சமையல் திறனும் மாறவில்லை. கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் இரண்டு இடங்களையும் ஒன்றாகத்தான் வாட்டியது. மாறியது வாடகை. வாரத்துக்கு ஏறத்தாழ 4 ஷில்லிங் 8 பென்ஸாக இருந்தது 9 ஷில்லிங் ஆனது. குடும்பங்களின் வரவு செலவை மெகானிகல் வாங்கிப் பார்த்தபோது, அந்தக் கூடுதல் ஷில்லிங்குகள் சாப்பாட்டுக் காசிலிருந்தே போயிருந்தது தெரிந்தது. 710 பேர் என்பது சிறிய கூட்டம்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விதியை நிறுவிவிட முடியாது. ஆனால் பிற்காலத்தில் வேறு நாடுகளில் வேறு முறைகளில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: நகரத்து ஏழையின் வயிற்றைத் தீர்மானிப்பது அவர் வாங்கும் கூலியோ அரிசியின் விலையோ தனியாக அல்ல, வாடகையைக் கொடுத்த பிறகு கையில் நிற்கும் தொகை. அந்த மீதியைக் கணக்கில் எடுக்காத உணவுத் திட்டம் பாதியில் கசிந்துவிடும். அதைக் கணக்கில் எடுக்காத வீட்டுத் திட்டம், ஸ்டாக்டனில் நடந்ததுபோல, நல்ல எண்ணத்தோடேயே ஆளைக் கொல்லும்.

வாடகைக்கு ஒரு தேதி உண்டு, கேட்க ஓர் ஆளும் உண்டு. ஐந்தாம் தேதி தாண்டினால் வீட்டுக்காரர் வாசலுக்கு வருவார், இரண்டு மாதம் தாண்டினால் சாமான் தெருவுக்கு வரும். பருப்பு வாங்காமல் விட்டதற்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை. முக்கால் வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. முக்கால் வயிறு சாப்பிட முடியும். அதனால் குடும்பச் செலவில் எது இறுகினாலும் வளைந்து கொடுப்பது அடுப்படிதான். அந்த வளைவுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கறியும் முட்டையும் பழமும் நிற்கும். பிறகு அரை லிட்டர் பால் கால் லிட்டராகும், சாம்பாரில் பருப்பு குறைந்து தண்ணீர் கூடும். அதற்கும் பிறகு பெரியவர்களில் ஒருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், ஒரு வேளையை விடுவார். குழந்தையின் தட்டு கடைசியாகத்தான் குறையும். ஆகவே குழந்தைகளின் எடையை மட்டும் நிறுத்துப் பசியை அளக்கிறவர்களுக்கு, வாடகை விளைவிக்கும் பசியின் பெரும்பகுதி கண்ணில் படாது.

புள்ளிவிவர அறிஞர்களுக்கு இது வெகு நாளாகத் தெரிந்த செய்தி. 1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளைக் கொண்டு, ஏழ்மை கூடக்கூட வருமானத்தில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்றார். பொருளியல் பாடநூல்கள் எல்லாம் அவரை நினைவில் வைத்திருக்கின்றன. பெர்லின் நகரப் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவராக இருந்த ஹெர்மன் ஷ்வாபே 1868-இல் வாடகைக்கும் அதே விதி பொருந்தும் என்று காட்டினார். அவரை ஏறக்குறைய மறந்துவிட்டோம். இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சிக்கல் புலப்படும்: ஒரே சிறிய வருமானத்தில் பெரும்பங்கு கேட்டு இரண்டு பேர் நிற்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு மட்டும் வெளியேற்றும் அதிகாரம் இருக்கிறது. எங்கலை நினைத்து ஷ்வாபேயை மறந்ததற்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்தது. 1960-களின் தொடக்கத்தில் மோலி ஓர்ஷான்ஸ்கி வறுமைக் கோட்டைக் கணக்கிட்டபோது, 1955-இல் எடுத்த உணவுக் கணக்கெடுப்பின்படி சராசரிக் குடும்பம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டது. எனவே மலிவான உணவுத் திட்டத்தின் செலவை மூன்றால் பெருக்கினார். அன்றைக்கு அது நியாயமான முறை. ஆனால் 1969-இல் அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்ற பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டு போனதே தவிர, அடிப்படையைத் தொடவில்லை. இன்றைய சராசரி அமெரிக்கக் குடும்பத்தில் உணவின் பங்கு சுமார் 13 விழுக்காடு, வீட்டின் பங்கு சுமார் 33. வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பம் ஏழையல்ல என்று ஏடு சொல்லும். அதே குடும்பம் மாதக் கடைசியில் உணவு வங்கி வரிசையில் நிற்கும்.

வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோல் உலகெங்கும் புழங்குகிறது. அமெரிக்க அரசுக் குடியிருப்புகளில் 1969-இல் 25 என்று வைத்து 1981-இல் 30 ஆக்கிய ஒரு நிர்வாக வரம்புதான் அது. அதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்கு 30 விழுக்காடு போனால் 70,000 மிஞ்சும், நன்றாகவே சாப்பிடலாம். 10,000 வாங்குகிற நான்கு பேர் குடும்பத்துக்கு மிஞ்சும் 7,000-இல் பள்ளி, மருந்து, பஸ், கடன் போக எத்தனை நாள் உலை கொதிக்கும்? மைக்கேல் ஸ்டோன் என்ற அமெரிக்க அறிஞர் 1993-இல் வெளியிட்ட நூலில் இந்த விழுக்காட்டுக் கணக்கையே தள்ளிவிட்டு, மீதித் தொகையைப் பார்க்கச் சொன்னார். ஹார்வர்டின் வீட்டுவசதி ஆய்வு மையம் அப்படிப் பார்த்தபோது, 2022-இல் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குக் குறைந்த வாடகைக் குடும்பங்களின் கையில் வீட்டுச் செலவு போக மாதம் 310 டாலர்தான் நின்றது. அது இடைநிலைக் குடும்பத்தின் கணக்கு. பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவு. பிரிட்டன் இந்த விஷயத்தில் நேர்மையான நாடு: வீட்டுச் செலவுக்கு முன், வீட்டுச் செலவுக்குப் பின் என்று வறுமையை இரண்டு விதமாகவும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022-23-இல் முதல் கணக்கில் 32 லட்சம் குழந்தைகள் ஏழைகள், இரண்டாம் கணக்கில் 43 லட்சம். இடையே உள்ள 11 லட்சம் குழந்தைகளை ஏழையாக்கியது வீட்டுச் செலவுதான்.

இந்த வாதத்துக்கு வரும் முதல் எதிர்ப்பு வலுவானது. ஏழைக்குப் பசியும் இருக்கும், வாடகைச் சுமையும் இருக்கும். இரண்டுக்கும் தாய் வறுமைதான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரே சமயத்தில் குறுக்கு வெட்டாக எடுத்த கணக்குகள் இதற்குப் பதில் சொல்லாது என்பது உண்மை. ஆனால் அப்படியல்லாத சான்றுகளும் இருக்கின்றன. ஃப்ளெட்சரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஆண்டு வாடகை 500 டாலர் ஏறினால் உணவுப் பாதுகாப்பின்மை ஏறக்குறைய 3 விழுக்காட்டுப் புள்ளி கூடுவதைக் கண்டார்கள். 500 டாலர் என்றால் மாதத்துக்கு 42 டாலர்கூட இல்லை. பாஸ்டனில் குழந்தை மருத்துவர்கள் 1990-களில் வேறு வழியைப் பிடித்தார்கள். அரசின் வாடகை உதவி கிடைத்த குடும்பங்களையும், அதே உதவிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியலில் நின்ற குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். இருவரும் ஒரே தகுதியுள்ள ஏழைகள். காத்திருந்தவர்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு பல மடங்கு அதிகமாக இருந்தது. பட்டாச்சாரியா, கரி முதலானோர் 2003-இல் செய்த ஆய்வு வாடகையைப் பற்றியதல்ல. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவைப் பற்றியது. ஆனாலும் இங்கே அதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது, ஏனென்றால் குளிர் யாரையும் பார்த்து வருவதில்லை. கடும் குளிரில் ஏழைக் குடும்பங்களின் எரிபொருள் செலவு எவ்வளவு ஏறியதோ, ஏறத்தாழ அதே அளவுக்கு உணவுச் செலவு இறங்கியது. பணக்காரக் குடும்பங்களில் அப்படி நடக்கவில்லை.

டொராண்டோவில் கர்க்பாட்ரிக், டராசுக் இருவரும் செய்த ஆய்வு இந்த வாதத்துக்குச் சற்றே இடைஞ்சல் தருவது. அதனாலேயே அதைத் தள்ளிவிட்டுப் போகக்கூடாது. வருமானத்துக்கேற்ற வாடகை வாங்கும் அரசு மானியக் குடியிருப்புகளிலும் பசி பரவலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். வாடகையைக் குறைத்தும் பசி போகவில்லையே என்று இதைப் படிக்கலாம். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அந்தக் குடும்பங்களில் பல மிகக் குறைந்த உதவித்தொகையில் வாழ்ந்தவை. அந்தத் தொகையில் 30 விழுக்காட்டை எடுத்தாலும் மிச்சம் போதவில்லை. விழுக்காட்டை நம்பாமல் மீதியைப் பார் என்று ஸ்டோன் சொன்னதற்கு இது உரைகல்.

ஏழைகளுக்குச் செலவழிக்கத் தெரியவில்லை என்ற எதிர்ப்பு அவ்வளவு மரியாதைக்குரியதல்ல, ஆனாலும் எல்லா நாட்டிலும் கேட்கிறது. குடி, கைபேசி, தவணையில் வாங்கிய டிவி என்று பட்டியல் நீளும். ஸ்டாக்டனின் கணக்கு இதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது: அதே மனிதர்கள், அதே பழக்கங்கள், வாடகை மட்டும் வேறு. வாடகைச் சுமையே செலவை மோசமாக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையில் மொத்தமாகக் காசில்லாதவர் எண்ணெயை ஐம்பது மில்லியாக வாங்குகிறார், மளிகைக் கடையில் கணக்கு வைத்து அந்தக் கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்குகிறார். இங்கிலாந்தில் வீடிழந்து நகராட்சியின் தற்காலிக இருப்பிடத்தில் வைக்கப்பட்ட குடும்பங்கள் 2025 மார்ச் இறுதியில் 1,31,000-க்கும் மேல். அவர்களில் விடுதி அறையில் இருப்பவர்கள் பலருக்கு அடுப்பு கிடையாது. வெளியில் வாங்கித்தான் சாப்பிட வேண்டும், அது சமைப்பதைவிடச் செலவு. இதைச் சிக்கனமின்மை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

அரசுகள் இந்தத் தொடர்பை அறியாமல் இல்லை. அமெரிக்காவின் ஸ்னாப் உணவு உதவித் திட்டம், வீட்டுச் செலவு வருமானத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியை வருமானத்தில் கழித்துவிட்டு உதவியைக் கணக்கிடுகிறது. கொள்கையளவில் மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் முதியோரோ மாற்றுத்திறனாளியோ இல்லாத குடும்பங்களுக்கு அந்தக் கழிவுக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள், 2024 நிதியாண்டில் மாதம் 672 டாலர். வாடகை அதிகமான நகரத்தில் வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலரும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பிரிட்டனின் கதை இன்னும் வெளிப்படையானது. தனியார் வாடகைக்கு அரசு தரும் உதவி 2008-இல் அந்தந்த வட்டாரத்தின் இடைநிலை வாடகைக்குச் சமமாக வைக்கப்பட்டது. 2011-இல் அதைக் கீழிருந்து 30-ஆம் விழுக்காட்டு வாடகைக்கு இறக்கினார்கள். 2016 முதல் நான்கு ஆண்டுகள் அப்படியே உறைய வைத்தார்கள். 2020-இல் உயர்த்தி, மீண்டும் உறைய வைத்து, 2024-இல் உயர்த்தி, 2025-இல் மறுபடியும் உறைய வைத்தார்கள். உதவிக்கும் உண்மை வாடகைக்கும் இடையில் விழும் தொகை வேறெங்கிருந்தும் வராது, உணவுக் காசிலிருந்துதான் வரும். ட்ரஸல் அறக்கட்டளையின் உணவு வங்கிகள் 2010-11-இல் சுமார் 61,000 பொட்டலங்கள் கொடுத்தன. 2023-24-இல் 31 லட்சம். கிளைகள் பெருகியதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம், முழுப் பழியையும் வாடகை மேல் போட முடியாது. ஆனால் பெருகிய கிளைகள் காலியாக நிற்கவில்லை.

அப்படியானால் வாடகை உதவியைக் கூட்டினால் போதுமா? அந்தப் பணம் வீட்டுக்காரர் பைக்குத்தான் போகும் என்பது பொருளியலாளர்களின் எச்சரிக்கை. ஃபிரான்ஸில் கேப்ரியல் ஃபாக் 2006-இல் கணக்கிட்டபடி, கூடுதலாகக் கொடுத்த ஒவ்வொரு யூரோவிலும் 78 சென்ட் வாடகை ஏற்றமாகவே போய்விட்டது. மறுபுறம், 1970-களில் அமெரிக்காவில் கிரீன் பே, சவுத் பெண்ட் நகரங்களைச் சுற்றி நடத்திய பெரிய பரிசோதனையில், தகுதியுள்ள எல்லோருக்கும் உதவி கொடுத்தும் வாடகை ஏறக்குறைய ஏறவேயில்லை. இரண்டும் முரண் அல்ல. விளைவு இடத்துக்கு இடம் மாறுகிறது, வீடு இறுகிக் கிடக்கும் இடத்தில்தான் உதவி வாடகையாகும் ஆபத்து அதிகம். வாடகைக் கட்டுப்பாட்டுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் அது பழைய குடித்தனக்காரரைக் காப்பாற்றியது, ஆனால் அதன் கீழ் வந்த உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 விழுக்காடு குறைத்துவிட்டார்கள். 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகப் பூட்டிக் கிடந்தன. எனவே குறைந்த வாடகை வீடுகளைக் கட்டுவதும், இருப்பதைத் திறக்க வைப்பதும் முன்னால் வர வேண்டும். ஆனால் கட்டி முடிய பத்து ஆண்டு ஆகும் என்பதைக் காட்டி இன்றைய உதவியை மறுப்பது, பசித்தவரிடம் நெல் விதைத்திருக்கிறோம் என்பதற்கு ஒப்பானது.

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, நமக்குப் பொருந்தாது என்றும் சொல்லலாம். நம் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி 2022-23-இல் நகர்ப்புறச் செலவில் உணவின் பங்கு சுமார் 39 விழுக்காடு, வாடகை 6.6 மட்டுமே. ஆனால் சொந்த வீட்டில் இருப்பவரின் வாடகையைச் சுழியாக வைத்து எடுத்த சராசரி இது. 2011 கணக்கில் நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 விழுக்காடே வாடகையில் இருந்தன. மொத்தச் சுமையையும் அவர்கள் தலையில் மட்டும் வைத்துத் தோராயமாகப் பங்கிட்டால் 24 விழுக்காட்டுக்குப் போய்விடும். சராசரிக் குடும்பத்துக்கே இப்படி என்றால், ஷ்வாபேயின் விதிப்படி அடித்தட்டுக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் கிராமப்புறத்துக்கு வீட்டு வாடகை என்ற தலைப்பே இருக்கவில்லை. ஒரகடம் பக்கம் ஊராட்சி எல்லைக்குள் ஓர் அறைக்கு நாலைந்து பேராகப் பணம் போட்டு வாடகை கட்டும் தொழிலாளர்களுக்கு, அந்தக் குறியீட்டின்படி வாடகை ஏறியதே கிடையாது.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு மாதந்தோறும் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த அரண் இருப்பதால்தான் இங்கே வாடகை பெரும்பாலோரைப் பட்டினியில் தள்ளுவதில்லை. சோறு மிஞ்சுகிறது, சோற்றோடு சேர வேண்டியது போய்விடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மாநிலப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. கீரையும் முட்டையும் பழமும் வாங்கும் காசு எங்கே போகிறது என்பது அவற்றில் ஒன்று. வாடகைக்கு இருப்பவருக்கு இந்த அரணுமே முழுதாக இல்லை. முகவரிச் சான்று தர வீட்டுக்காரர் தயங்குவார், வீடு மாறினால் அட்டையை மாற்ற அலைய வேண்டும். 100 யூனிட் இலவச மின்சாரம் பெரும்பாலும் வீட்டுக்காரர் கணக்கில் நின்றுவிட, குடித்தனக்காரர் யூனிட்டுக்கு அவர் சொன்ன தொகையைக் கட்டுவார். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று வரம்பு வைத்தது. எழுத்து ஒப்பந்தமே இல்லாத ஒற்றை அறை வீட்டில் அந்த வரம்பை யாரிடம் போய்க் கேட்பது? தண்டலுக்கு வாங்கிக் கட்டிய அட்வான்ஸின் வட்டி, மாதாமாதம் இன்னொரு வாடகையாக ஓடும். நகருக்குள் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது, ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றது. அன்றாடப் பயணச் செலவும், தூரத்தால் விட்டுப்போன வீட்டு வேலைகளின் சம்பளமும் அவர்கள் கொடுத்த உண்மையான வாடகை. 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபோது, அது ஒருவகையில் அவர்களுக்கு வாடகைக் குறைப்புதான். யாரும் அதை வீட்டுத் திட்டமாக எண்ணவில்லை.

வாடகை தொட முடியாத உணவு, சமைத்துத் தட்டில் வைத்த உணவு. சத்துணவும் காலை உணவுத் திட்டமும் அம்மா உணவகமும் இந்த விதத்தில் ரேஷன் அரிசியைவிடக் கசிவு குறைந்தவை. ஆனால் பள்ளித் தட்டு குழந்தைக்கானது, முதலில் வேளையை விடுகிறவர் தாய். அவர் கைக்கு 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 5,000 ரூபாய் வாடகை ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறினால் இரண்டாம் ஆண்டு முடிவில் அது 6,050 ரூபாய்.